மெலிந்துபோன குத்தகைக் கொறங்காடு: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், கரூர் வட்டாரங்களில் கொறங்காடு என்றால் தெரியாதவர் இல்லை. ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ள இப்பகுதியில், கிளுவை வேலி சூழ, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட இந்த மேய்ச்சல் நிலங்கள்தாம் காங்கேயம் மாடுகளையும் செம்மறி ஆடுகளையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்துள்ளன. சொந்தமாகக் கொறங்காடு இல்லாத சிறு விவசாயிகள் ஆண்டுக் குத்தகைக்குப் பிடித்து மேய்க்கிறார்கள். அப்படிப் பிடித்த காடு சில ஆண்டுகளில் மெலிந்துவிடுகிறது. புல் குறைகிறது, வேலி கலைகிறது, தொட்டி வெடிக்கிறது. குத்தகையைப் புதுப்பிக்கும் மாதம் வரும்போது, "இந்தக் காட்டை இன்னும் வைத்துக்கொள்வதா, விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதா?" என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்விக்கு நானே ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் தாராபுரம் வட்டத்தில் ஒரு விவசாயி தம் 5 ஏக்கர் குத்தகைக் காட்டைக் காண்பித்து யோசனை கேட்டார். மண்ணையும் புல்லையும் பார்த்தேன். "சீர்திருத்தினால் நல்ல காடு, விடாதீர்கள்" என்றேன். அவரும் கடன் வாங்கி உழுது, புல் விதைத்து, ஒரு பருவம் முழுவதும் மாடுகளை உள்ளே விடாமல் தட்டு வாங்கிப் போட்டுக் காப்பாற்றினார். மறு ஆண்டு புல் முழங்கால் உயரம் நின்றது. அதைப் பார்த்த காட்டுக்காரர் கூடுதல் குத்தகைக்கு வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். வாய்ப் பேச்சுக் குத்தகைதானே, கேட்க வழியில்லை. அந்தக் கோடையில் அவர் இரண்டு பசுக்களை விற்றார். நான் நிலத்தைப் பார்த்தேனே தவிர, குத்தகையைப் பார்க்கவில்லை. நிலத்தின் குறை எத்தனை ஆண்டில் தீரும், குத்தகை எத்தனை ஆண்டு நிற்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கோடையில் பார்த்து ஏமாற வேண்டாம்

சித்திரை, வைகாசியில் எந்தக் கொறங்காடும் செத்த காடாகத்தான் தெரியும். கார்த்திகையில் எந்தக் காடும் பச்சையாகத்தான் தெரியும். எனவே நிறத்தை நம்பக் கூடாது. புல்லின் தூரைப் பார்க்க வேண்டும்.

நான்கு குச்சிகளைக் கட்டி, உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் உள்ள சட்டம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடங்களில் அதைப் போடுங்கள். மரத்தடி, தொட்டி ஓரம், படல் வாசல் ஆகிய இடங்களைத் தவிர்த்து விடுங்கள். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் எத்தனை கொழுக்கட்டைத் தூர் உயிரோடு உள்ளது என்று எண்ணுங்கள். தூரைப் பிடித்து இழுத்தால் அசையாமல் நின்று, அடித்தண்டைக் கிள்ளினால் உள்ளே வெண்மையாகவோ பசுமையாகவோ இருந்தால் அது உயிருள்ள தூர். இழுத்தவுடன் கையோடு வந்தால் செத்த தூர்.

சராசரியாகச் சட்டத்துக்கு மூன்று தூருக்கு மேல் இருந்தால் அந்தக் காட்டுக்கு ஓய்வு கொடுத்தாலே போதும். ஒன்றோ அதற்கும் குறைவோ என்றால் உழுது விதைத்தால்தான் தேறும். இடைப்பட்ட நிலையில் வெற்றிடங்களில் மட்டும் கீறி விதைக்கலாம்.

புல்லுக்குக் கிலோ என்ன விலை?

மழை முடிந்து புல் பூட்டை பிடிக்கும் சமயத்தில் அதே சட்டத்தைப் பத்து இடங்களில் போட்டு, உள்ளேயுள்ள புல்லை அறுத்து, நன்கு காய வைத்து எடை போடுங்கள். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். சட்டத்துக்குச் சராசரியாக 100 கிராம் காய்ந்த புல் கிடைத்தால் ஏக்கருக்கு 400 கிலோ ஆகிறது. அதில் பாதியைத்தான் மேய்க்க வேண்டும். மறு பாதி தூரைக் காக்கவும் மண்ணை மூடவும் நிற்க வேண்டும். ஆக ஏக்கருக்கு 200 கிலோ, 4 ஏக்கருக்கு 800 கிலோ.

320 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ உலர் தீவனம் தேவை. எனவே அந்த 4 ஏக்கர் ஒரு பசுவுக்கு 100 நாள் தீவனம். இரண்டு பசுவுக்கு 50 நாள். செம்மறி ஆடானால், பத்து ஆட்டை ஒரு பசுவாகக் கணக்கிடலாம். குதிரை வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. அது புல்லை மாட்டைவிடத் தரையோடு ஒட்டக் கடிக்கும். ஆகவே குதிரை நிற்கும் காட்டுக்கு ஓய்வு இன்னும் அவசியம்.

இனி விலைக்கு வருவோம். கணக்குக்காக 4 ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 கிலோ புல்லுக்கு அது கிலோ 15 ரூபாய் ஆகிறது. அதே காடு சீர்பட்டுச் சட்டத்துக்கு 250 கிராம் கொடுத்தால் மேய்க்கத் தக்க புல் 2,000 கிலோ. அப்போது கிலோ 6 ரூபாய்தான். உங்கள் உண்மையான குத்தகைத் தொகையைப் போட்டு இக்கணக்கைச் செய்து, உங்கள் ஊரில் சோளத்தட்டு விற்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்வேல மரத்தின் காய் கோடையில் நல்ல தீவனம். அது குத்தகையில் சேர்ந்ததா அல்லது காட்டுக்காரர் தனியாக விற்றுவிடுகிறாரா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீரும் வேலியும்

புல் குறைந்தால் தட்டு வாங்கிப் போடலாம். தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய இயலாது. கோடையில் ஒரு பசு நாளொன்றுக்கு 40 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். வைகாசியிலும் கிணறு ஊறுகிறதா, தொட்டி ஒழுகுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் உப்பாக இருந்தால் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயினும் நொய்யல் கரையோரம் காடு பிடிப்போர் கிணற்று நீரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

அடுத்தது வேலி. அண்மை ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற துயரம் அனைவரும் அறிந்ததே. ஒரே இரவில் ஓராண்டு உழைப்பு போய்விடுகிறது. எனவே வேலியைச் சுற்றி நடந்து, எத்தனை இடத்தில் வழி விட்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். கிளுவைப் போத்து நட்டால் மழைக்கு வேர் பிடித்துவிடும். ஆனால் அடர்ந்து வளர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை முள் வெட்டி அடைக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எந்தச் செடி பெருகியுள்ளது?

மாடு தின்னாத செடி பெருகுவது, காடு அளவுக்கு மீறி மேய்க்கப்பட்டதற்கு அடையாளம். ஆவாரையும் எருக்கும் கொழிஞ்சியும் அங்கங்கே இருந்தால் பயமில்லை. அவையே காடாக நின்றால் புல் தோற்றுவிட்டது என்று பொருள். பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்கலாம். உன்னிச்செடி ஈரலைக் கெடுத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். தீவனம் இல்லாத காலத்தில் பசித்த மாடு அதையும் கடிக்கும். சீமைக் கருவேல் பாதிக் காட்டை அடைத்திருந்தால், வேரோடு தோண்டி எடுக்க ஆகும் செலவு ஒரு குத்தகைக்காரரால் தாங்கக் கூடியதன்று. அதைக் காட்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

குடற்புழுவையும் மறக்கக் கூடாது. பல ஆண்டுகள் இடைவிடாது ஆடு மேய்ந்த காட்டில் மழைக்குப்பின் புழுக்களின் இளம்பருவம் புல்லில் ஏறி நிற்கும். ஆடு மெலிந்து, தாடையின் கீழ் வீங்கினால் புல் போதவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். சாண மாதிரியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். இந்தக் குறைக்காகக் காட்டை விட வேண்டியதில்லை. மருந்தும் சுழற்சி மேய்ச்சலும் போதும்.

சீர்திருத்த எவ்வளவு காலம்?

காட்டை மூன்று, நான்கு பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதற்குக் கயிறும் முள்ளும் போதும். புல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கியவுடன் அடுத்த பாகத்துக்கு மாற்றிவிட வேண்டும். மழைக் காலத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் 30 முதல் 40 நாள் ஓய்வு தேவை. ஒரு பாகத்தையாவது விதை உதிரும் வரை விட்டுவைக்க வேண்டும். தூர் உள்ள காட்டில் இதன் பலன் ஒரே மழையில் தெரியும். ஓராண்டுக் குத்தகைக்காரரும் இதைத் தயங்காமல் செய்யலாம்.

உழுது விதைப்பது வேறு. ஏக்கருக்கு 2½ முதல் 3 கிலோ வரை நீலக் கொழுக்கட்டை விதை தேவை. புதிதாக அறுத்த விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு முதல் எட்டு மாதம் கழிந்த விதையே நன்கு முளைக்கும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் விதைத்தால் புரதச் சத்தும் கிடைக்கும், மண்ணும் வளம் பெறும். முயல்மசால் விதையின் தோல் கடினமானது. விதைக்குமுன் 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஊற வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் விதைப்பது சிறந்தது. முதல் பருவத்தில் மேய்க்கக் கூடாது. புல் தூர் கட்டி விதை உதிர்த்த பிறகுதான் கால்நடைகளை விட வேண்டும். எனவே முதலாண்டு செலவு, இரண்டாம் ஆண்டு பாதி வரவு, மூன்றாம் ஆண்டு முழு வரவு என்று கொள்ளலாம். மூன்றாண்டுக்குக் குறைந்த குத்தகையில் இந்த வேலையைத் தொடங்குவது பிறருக்குப் புல் வளர்ப்பதாகும்.

காட்டுக்காரரிடம் பேச வேண்டியவை

கணக்கெடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குத்தகையைக் குறைக்கச் சொல்வதைவிட, கீழ்க்கண்டவற்றைக் கேட்பது இருவருக்கும் நல்லது.

1. குறைந்தது மூன்று, இயன்றால் ஐந்து ஆண்டுக் குத்தகை. அதை எழுதிப் பதிவு செய்துகொள்ளுதல்.

2. வேலி, தொட்டி, கிணறு பழுது யார் பொறுப்பு என்பது.

3. விதைக்கும் ஆண்டில் குத்தகையில் பாதியேனும் தள்ளுபடி.

4. இடையில் காட்டைத் திரும்பக் கேட்டால் உழவு, விதைச் செலவைத் திருப்பித் தருதல்.

5. வெள்வேலங்காயும் மரக்கிளையும் யாருக்கு என்பது.

சீர்பட்ட காடு அவருடைய சொத்துதான் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் இணங்குவார்கள். விற்கவோ மனை போடவோ எண்ணம் இருந்தால் அதுவும் இந்தப் பேச்சில் வெளிவந்துவிடும்.

எப்போது விடலாம்?

கோடையில் தண்ணீர் இல்லை அல்லது கெட்டுவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். வேலி பாதிக்குமேல் போய், காட்டுக்காரர் கை கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். உயிருள்ள தூர் இல்லாத காட்டுக்கு ஓராண்டுக்கு மேல் உறுதி கிடைக்காவிட்டாலும் விட்டுவிடலாம். இந்த மூன்றும் இல்லாமல் புல் மட்டும் மெலிந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். கால்நடை எண்ணிக்கையைக் கணக்குக்கேற்பக் குறைத்து, ஓய்வு கொடுத்து ஒரு மழை பார்க்கலாம். வெளியே அகன்று போய்ப் பிடிக்கும் காடும் மெலிந்த காடாகவே இருக்கக்கூடும்.

விடுவதென்று முடிவு செய்தாலும் அடுத்த இடம் உறுதியாகும் முன் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. கோடை நடுவில் இடம் மாறினால் தீவனத்துக்கு விற்பனை விலையில் மாட்டை இழக்க நேரிடும். மாறும் முன் குடற்புழு நீக்கம் செய்து, புழுவைப் புதுக் காட்டுக்குக் கொண்டு போகாமல் தடுக்க வேண்டும். ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மெலிந்த காட்டிலிருந்து வந்த ஆட்டைச் செழித்த இளம்புல்லில் முதல் நாளே முழு வயிறு மேய விடுவது ஆபத்து. காலையில் சிறிது தட்டு கொடுத்து, மேயும் நேரத்தைப் பத்து நாளில் மெல்லக் கூட்டலாம்.

நான்கு குச்சிச் சட்டமும் ஒரு தராசும் போதும், காட்டின் நிலை தெரிந்துவிடும். குத்தகையின் நிலை தெரிய, காட்டுக்காரரோடு ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டையும் செய்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். விதை, மண் ஆய்வு பற்றிய விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்தையும், கால்நடை நலம் பற்றிய யோசனைகளுக்குக் கால்நடை மருந்தகத்தையும் அணுகிப் பயன் பெறலாம்.