வில் கோணினால் நாதமும் கோணும்

மாலை ஆறரை மணி. ஆபீஸ் விட்டு, பஸ்ஸில் நசுங்கி, ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் படிகளில் ஏறும்போது ஏதோ ஒரு வீட்டிலிருந்து வயலின் ஒலி கேட்கிறது. சரளி வரிசைதான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் எண்ணெய் காணாத கதவுக் கீல்போல ஒரு கீச்சொலி. இரண்டு மாதம் கழித்து அந்த ஒலியும் நின்றுவிடுகிறது. வாத்தியம் பரண்மேல் ஏறிவிட்டது என்று பொருள். "குழந்தைக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குறை ஞானத்தில் இல்லை. வலது கை முழங்கையில் இருக்கிறது.

வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அதில் ரோசின் தடவுகிறோம். அந்தப் பிசுபிசுப்பு தந்தியைப் பற்றி இழுக்கிறது, விடுகிறது, மறுபடி பற்றுகிறது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை ஒரே சீராக நடந்தால் நாதம். சீர் குலைந்தால் கீச்சு. தந்திக்குச் செங்குத்தாக, 'குதிரை' என்னும் அந்தச் சிறு மரப்பாலத்துக்கு இணையாக வில் ஓடினால்தான் சீர் நிற்கும். கோணலாக ஓடினால் வில் விரல்பலகைப் பக்கமோ குதிரையின் பக்கமோ நழுவும். இழுக்க இழுக்க ஒலி மாறிக்கொண்டே போகும்.

நேராக இழுக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? கை கேட்க வேண்டுமே! தோளை அச்சாக வைத்து முழுக்கையையும் வீசினால், கதவு திறப்பதுபோல வில்லும் வட்டமடிக்கும். உடம்பின் அமைப்பு அப்படி. வில்லின் நடுவிலிருந்து நுனி வரை முழங்கை மடக்கு விரிய வேண்டும். திரும்பி வரும்போது மடங்க வேண்டும். பிடிக்கு அருகே வரும்போது மணிக்கட்டு இளகி வழிவிட வேண்டும். தோளை இறுக்கிக்கொண்டால் இவற்றில் எதுவும் நடக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். மேனாட்டார் மோவாய்க்கடியில் இடுக்கி வாசிக்கும் வாத்தியத்தை, நாம் சம்மணமிட்டு, தலைப்பகுதியை வலது காலில் தாங்கி வாசிக்கிறோம். பிடிக்கும் முறை மாறியது. வில்லின் விதி மாறவில்லை.

இதற்குத் தலைநகர்வாசிகள் வேறெங்கும் சாட்சி தேட வேண்டாம். நீண்ட வில்லுக்கும் தூய நாதத்துக்கும் பேர் பெற்ற டி.என். கிருஷ்ணன் (1928-2020), டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இசை, நுண்கலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர். அவருக்கும் தங்கை என். ராஜத்துக்கும் வயலின் கற்பித்தவர் தந்தை ஏ. நாராயண ஐயர். அண்ணன் கர்நாடக இசையில் நின்றார். தங்கை இந்துஸ்தானியில் புகழ் பெற்று, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். வழிகள் இரண்டானாலும், சிறு வயதில் தந்தையிடம் பெற்ற அடிப்படை ஒன்றே.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? சிறு கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்த்து, குதிரையும் வில்லும் தெரியும்படி எதிரே உட்காருங்கள். இடது கைக்கு ஓய்வு. வெறும் தந்தியில், முதலில் வில்லின் நடுப்பகுதியில் ஒரு சாண் அளவு மட்டும் மெதுவாக இழுங்கள். வில்லும் குதிரையும் இணைகோடுகளாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அது படிந்த பிறகு நுனிப் பக்கம், அதன்பின் பிடிப் பக்கம், கடைசியில் முழு வில். தினம் கால்மணி நேரம் போதும். கீர்த்தனைக்கு அவசரம் வேண்டாம். ஆசிரியர் நேரில் திருத்துவதற்கு இது மாற்று அல்ல. அவர் திருத்தியதை மறக்காமல் காக்கும் காவல்.

டெல்லிக்கென்று ஒரு எச்சரிக்கை. மே மாத லூ காற்றில் வில்லின் மயிர் சுருங்கி இறுகும்; மழை நாளில் தளரும். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடியே போட்டு வைத்தால் வில்லின் கட்டையே வளைந்துவிடும். கோணல் கட்டையை நேரே ஓட்டுவது யாருக்கும் கஷ்டம்.

ஆபீசில் இருபது வருஷம் ஃபைல் புரட்டிவிட்டு இப்போது கற்க ஆசைப்படும் பெரியவர்களுக்கும் இதே பாடம்தான். அவர்களுக்குக் கை இறுகியிருக்கும், பொறுமை கூடியிருக்கும். ஆகவே, பரண்மேல் இருக்கும் பெட்டியை விலை பேசுமுன் ஒருமுறை கீழே இறக்குங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து கோணல் எங்கே என்று பாருங்கள். குழந்தையிடம் குறை காண்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.