எந்த அசையை அழுத்துவது?

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் வகுப்பு. நடுவில் 'டிட்டர்மைன்' என்றேன், வகுப்பே சிரித்தது. அந்தப் பருவம் முடியும்வரை நான் கையைத் தூக்கவே இல்லை. அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். பிழையில்லாமல் எழுதவும் தெரியும். அழுத்தும் இடம்தான் தெரியவில்லை. 'டி-டர்-மின்': நடு அசையில் அழுத்தம், கடைசியில் 'மைன்' கிடையாது.

தமிழில் நாம் எந்த அசையையும் விழுங்குவதில்லை. மலாயிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆங்கிலமோ ஓர் அசையைத் தூக்கிப் பிடித்துவிட்டு மற்றவற்றை மென்று தள்ளிவிடும். எல்லா அசையையும் சமமாகச் சொன்னால் நம் ஊரில் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசும்போதுதான் "சாரி?" என்ற குரல் வரும்.

முதலில் அசையை எண்ணுங்கள். (பள்ளியில் படித்த நேரசை, நிரையசையைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள், அந்தக் கணக்கு வேறு.) தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலி வரும்போதெல்லாம் தாடை இறங்கும். 'ரெஸ்-பான்-சி-பி-லி-டி': ஆறு அசை. எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவோம். நாம் நீட்டி முழக்கும் 'கம்ஃபர்டபிள்' பலர் வாயில் 'கம்ஃப்-ட-பிள்' என மூன்றே அசையில் முடிந்துவிடுகிறது.

பிறகு சொல்லின் வாலைப் பாருங்கள். 'ஷன்', 'இட்டி', 'இக்' என முடிந்தால், பெரும்பாலும் அந்த வாலுக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். 'கம்யூனிகேஷன்' என்றால் 'கே'. 'எலெக்ட்ரிக்' என்றால் 'லெக்'. அதுவே 'எலெக்ட்ரிசிட்டி' ஆனதும் அழுத்தம் 'ட்ரி'க்குத் தாவிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' குடும்பம் இன்னும் வேடிக்கை. படத்துக்கு முதல் அசை, எடுப்பவருக்கு இரண்டாவது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. படம் எடுப்பவரைச் சொல்லும்போது முதலில் உள்ள 'ஃபோ'கூடச் சுருங்கி 'ஃப' ஆகிவிடும்.

விதிவிலக்குகள் உண்டு. 'பாலிடிக்ஸ்', 'டெலிவிஷன்' இரண்டுக்கும் முதல் அசையில் அழுத்தம். அரசியலும் தொலைக்காட்சியும் விதிக்கு அடங்காததில் வானொலிக்காரியான எனக்கு வியப்பில்லை!

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே ஒரு சொல் இரு வேடம் போடும். பதிவுக்கு 'ரெக்கார்ட்', முதல் அசை. பதிவு செய்வதற்கு 'ரிக்கோர்ட்', இரண்டாவது அசை.

வெள்ளைக்காரர் மாதிரிப் பேசச் சொல்லவில்லை. நம் ஊர் வாசம் பேச்சில் இருக்கட்டும். கேட்பவருக்குச் சொல் பிடிபட்டால் போதும்.

ஆங்கிலத்தில் பேட்டி என்றால் இன்றும் நீளமான சொற்களை முன்னதாகத் தாளில் எழுதி, அழுத்தும் அசைக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். 'டிட்டர்மின்' வந்தால் மட்டும் இரண்டு கோடு.