வேம்பூர் ஆட்டின் மடியில்

 வேம்பூர் விளாத்திகுளம் வட்டத்துக் கரிசல் காட்டில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர் கொண்ட செம்மறியைக் கூட்டத்தில் பார்த்தாலே தெரியும்: வெள்ளை உடம்பு, மேலே செம்பழுப்புத் திட்டுகள். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. இதுவும் சரி, இதே வட்டாரத்துக் கீழக்கரிசலும் சரி, கறி ஆடுகள். செம்பை எடுத்துக்கொண்டு யாரும் கறக்கப் போவதில்லை. பால் முழுக்கக் குட்டிக்குத்தான்.

அந்தப் பால் லேசுப்பட்டதல்ல. பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், செம்மறிப் பாலில் சுமார் 7. புரதம் பசுவுக்கு 3.3 என்றால் இதற்கு 5.5. அளவு கொஞ்சம், கெட்டி அதிகம்.

இதிலும் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. பிரான்சில் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு லக்கோன் ஆட்டைக் கறக்கிறார்கள். ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசிய ஆடு அதைவிடக் கூடுதலாகக் கறக்கும், ஆனால் பாலில் கொழுப்பு குறைவு. கறவை ஏறினால் கெட்டி இறங்குவது பொதுவான போக்கு.

இனம் கொடுத்ததை மடிநோய் பறித்துவிடும். காம்புத் துளை வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் ஏறுகின்றன. பால் சுரக்கும் செல்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கமான பிணைப்பு தளர்கிறது. ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிய, பால் உப்புக்கரிக்கிறது. லாக்டோஸ் குறைகிறது. மடிக்குள் தண்ணீரை இழுப்பதே அந்தச் சர்க்கரைதான் என்பதால் பாலின் அளவும் விழுகிறது. கேசீன் சிதைவதால் இந்தப் பாலை உறையூற்றினாலும் தயிர் கட்டியாகாது.

வெளியே தெரியாத மடிநோய்தான் மோசம். மடியும் பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பாலில் சோப்புக் கரைசலைக் கலந்து தட்டில் சுழற்றினால் குட்டு உடையும். நோயோடு போராட வந்து குவிந்த வெள்ளையணுக்கள் உடைந்து, பால் கூழ்போலத் திரளும். நோய் முற்றினால் மடி கல்லாகும், ஆடு பின்னங்காலை அகட்டி நடக்கும், முட்டவரும் குட்டியை உதைக்கும். மடி சில்லிட்டு நீலம் பாய்ந்துவிட்டால் ஆடு பிழைப்பதே அரிது.

தாயின் பால் போதாத குட்டிக்கு எடை ஏறாது. கறி ஆட்டுக்கு நஷ்டம் அங்கேதான். எட்டயபுரம் சந்தையில் பெட்டை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்த கையோடு மடியையும் இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால், எவ்வளவு நல்ல வேம்பூர் ஆடானாலும் வாங்காதீர்கள்.