கத்தியா, கட்டுப்பாடா?

நமுனுகுல மலைத் தோட்டங்களில் வாழ்வோர் சிலர், பதுளையிலுள்ள முஸ்லிம் நண்பர்களின் வீட்டுச் சுன்னத்துக் கலியாணத்துக்குச் சென்று வந்திருப்பர். சமயக் கடமையென்றே நாம் அறிந்த அச்சடங்கு எயிட்ஸ் நோயைத் தடுக்கவல்லது என்னும் செய்தி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. “அவ்வாறாயின் நம் பிள்ளைகளுக்கும் செய்துவிடலாமோ?” என்று வினவும் பெற்றோர் இருக்கக்கூடும். விடை கூறுமுன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நுனித்தோல் நீக்கப்படாத ஆடவரிடையே எச்.ஐ.வி. கிருமி மிகுந்திருப்பதை 1980ஆம் ஆண்டுகளிலேயே கென்யாவில் வைத்தியர்கள் கண்டனர். உடனே ஓர் ஆட்சேபம் பிறந்தது. சுன்னத்துச் செய்துகொள்வோரிற் பலர் சமயக் கட்டுப்பாடு உடையவர்கள். அவர்களைக் காப்பது கத்தியா, கட்டுப்பாடா?

இதற்கு நம் அயல்நாடாகிய இந்தியாவின் பூனா நகரிலிருந்து அருமையான குறிப்பொன்று கிடைத்தது. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தோருள், எச்.ஐ.வி. தொற்றாத 2,298 ஆடவரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர், 2004ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். சுன்னத்துச் செய்தவர்களை எச்.ஐ.வி. மிகக் குறைவாகவே தொற்றியிருந்தது. மேகநோயிலும் வெட்டை நோயிலுமோ அத்தகைய பாதுகாப்புக் காணப்படவில்லை. ஒழுக்கமே காரணமாயின் அந்நோய்களும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நுனித்தோலின் உட்புறம் மிக மெல்லியது; அக்கிருமி பற்றிக்கொள்ளும் உயிரணுக்கள் அங்கே நிறைந்திருக்கின்றன.

ஆயினும் குறிப்பு வேறு, நிரூபணம் வேறு. தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய மூன்று நாடுகளில் சுமார் 11,000 ஆடவர் தாமே முன்வந்தனர். சீட்டுக் குலுக்கினாற்போல் அவர்களை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்து, மறுசாராரைக் காத்திருக்கச் செய்தனர். (கென்யாவின் கிசுமுப் பகுதியில் வாழும் லூவோ மக்களுக்குச் சுன்னத்து வழக்கமில்லை, கீழ்ப்பற்களைக் களைவதே அவர்களின் பழைய சடங்கு!) தொற்று பாதிக்கு மேல் குறைந்தது தெளிவானதும், மற்றவரைக் காக்க வைப்பது தர்மமன்று எனக் கருதி, மூன்று சோதனைகளையும் இடையிலேயே நிறுத்திவிட்டனர். 2007 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் இம்முறையைச் சிபாரிசு செய்தது. 2019 முடிவதற்குள் கிழக்கு, தென் ஆபிரிக்க நாடுகளில் 2½ கோடிக்கு மேற்பட்டோர் இதைச் செய்துகொண்டனர்.

பாதிக்கு மேல் என்பது முழுமையன்று. இல்லத்தரசிகள் அறியவேண்டிய செய்தி இன்னுமொன்றுண்டு. ஏற்கெனவே கிருமி தொற்றிய கணவருக்குச் சத்திரசிகிச்சை செய்தால் மனைவியர் தப்புவரா என உகண்டாவில் ஆராய்ந்தனர். தப்பவில்லையென 2009இல் தெரியவந்தது. கத்தி காப்பது ஆணை மட்டுமே.

அச்சிபாரிசும் நோய் பெருகிய நாடுகளுக்கே உரியது. இலங்கையில் வயது வந்தோர் ஆயிரவரில் ஒருவருக்கும் குறைவாகவே இக்கிருமி உண்டு. ஆதலின் நோய்க்கு அஞ்சி நம் பிள்ளைகளுக்குக் கத்தி எடுக்கவேண்டிய அவசியமில்லை. ஆணுறையும் இரத்தப் பரிசோதனையுமே நமக்கேற்ற காவல்.

பரிசோதனையில் நம் பெண்கள் முந்திக்கொண்டனர். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கைநீட்டி இரத்தம் கொடுத்து வந்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் இலங்கை சான்றிதழ் பெற்றது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்துத் திரும்பும் கணவன்மாரோ கூச்சப்பட்டு ஒதுங்குகின்றனர். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இப்பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். நமுனுகுல மக்களுக்கு இவ்வசதி பதுளையிலேயே உண்டு.