24 தோல்விக்குப் பிறகு 27 வெற்றி: புதிய பயிற்றுவிப்பாளர் வந்ததும் மிஷிகன் அணியில் என்ன மாறியது?

2024 மார்ச் 22. அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று. யேல் பல்கலைக்கழகம், பலம் வாய்ந்த ஆபர்ன் பல்கலைக்கழகத்தை 78-76 எனத் தோற்கடித்தது. பலரும் எதிர்பார்க்காத முடிவு.

அன்று யேல் பக்கம் ஆடியவர்களில் ஒருவர் டேனி வுல்ஃப். ஏழடி உயரம். எதிரணியான ஆபர்னில் இருந்தவர் டிரே டானல்ட்சன்.

சில மாதங்கள் கழித்து இருவரும் ஒரே அணியில் சேர்ந்தார்கள். யேலும் இல்லை, ஆபர்னும் இல்லை. மூன்றாவதாக ஓர் அணி: மிஷிகன் பல்கலைக்கழகம்.

அந்த அணியோ அப்போதுதான் 32 ஆட்டங்களில் 24இல் தோற்றிருந்தது. அங்கே போய் யாராவது சேர்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். சேர்ந்தார்கள். அடுத்த பருவத்தில் அதே மிஷிகன் 27 ஆட்டங்களில் வென்றது.

நடுவில் மாறியது என்ன? "புதிய பயிற்றுவிப்பாளர் வந்தார்" என்பது சுருக்கமான பதில். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதியையும் பார்ப்போம்.

முதலில், மிஷிகன் அவ்வளவு மோசமான அணியா?

இல்லவே இல்லை. 1989இல் தேசிய வெற்றியாளர் பட்டம் வென்ற அணி அது. 1990களின் தொடக்கத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் ஐவர் சேர்ந்து அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். "ஃபேப் ஃபைவ்" என்ற பெயர் இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஐவரில் ஒருவரான ஜுவான் ஹவர்ட்தான் 2019இலிருந்து அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். 2021இல் அணியைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுபோனவர்.

ஆனால் 2023-24 பருவம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பருவத்துக்கு முன்னால் ஹவர்ட்டுக்கு இதய அறுவைச் சிகிச்சை. அதனால் முதல் சில வாரங்கள் அவரால் முழுமையாகப் பொறுப்பேற்க முடியவில்லை. அணியும் ஒன்றாகக் கூடி வரவில்லை. 8 வெற்றி, 24 தோல்வி. 'பிக் டென்' என்ற தங்கள் வட்டாரப் பிரிவில் 3 வெற்றி, 17 தோல்வி. கடைசி இடம்.

2024 மார்ச்சில் ஹவர்ட் நீக்கப்பட்டார். சொந்த அணியின் செல்லப்பிள்ளை அவர். ரசிகர்கள் பலருக்கு அது எளிதான செய்தியாக இருந்திருக்காது.

வந்தவர் யார்?

டஸ்டி மே. மாணவராக இருந்தபோது இந்தியானா பல்கலைக்கழகத்தில், புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளர் பாப் நைட்டின் அணியில் இருந்தவர். ஆனால் ஆட்டக்காரராக இல்லை, மாணவர் மேலாளராக. பயிற்சிக்கு வேண்டியதை எடுத்துவைப்பது, பந்து பொறுக்கிப் போடுவது போன்ற வேலைகள் அதில் அடங்கும். பெயர் வெளியே தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

2018இல் ஃபுளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். கூடைப்பந்துக்குப் பெயர்போன இடம் இல்லை அது. 2022-23 பருவத்தில் அந்த அணி 35 ஆட்டங்களில் வென்று, தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. அரையிறுதியில் கடைசி விநாடியில் விழுந்த ஒரு பந்தால் 72-71 என்று தோற்றது.

மறு ஆண்டு மிஷிகன் அவரை அழைத்தது. அவர் வந்ததும் பார்த்தது, ஏறக்குறைய காலியான ஓர் அணி.

அணி ஏன் காலியானது?

இங்கேதான் விதிமுறைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்கு மாறினால், பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் பலர் மாறத் தயங்கினார்கள்.

2018இல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. மாற நினைப்பவர் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் இணையப் பட்டியல் அது. பெயர் பட்டியலில் ஏறியதும் மற்றக் கல்லூரிகள் அவரோடு பேசலாம். 2021இல் ஒருமுறை மட்டும் உடனே மாறி ஆடலாம் என்றார்கள். 2024இல் அந்தக் கட்டுப்பாடும் போனது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

இன்னொன்று காசு. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து சம்பாதிக்கலாம். எங்கே அதிக வாய்ப்பு கிடைக்கிறது என்பதும் முடிவில் ஒரு பங்கு வகிக்கத் தொடங்கியது.

பயிற்றுவிப்பாளர் மாறினால் ஆட்டக்காரர்கள் கிளம்புவது வழக்கம். யோசிச்சுப் பாருங்க: உங்களைத் தேர்ந்தெடுத்தவரே போய்விட்டார். வந்தவருக்கு உங்களைப் பிடிக்குமா என்று தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள்? மிஷிகனிலும் பலர் கிளம்பினார்கள்.

ஆக, ஒரு புதிய பயிற்றுவிப்பாளரின் முதல் வேலை இப்போது பயிற்சிக் களத்தில் தொடங்குவதில்லை. தொலைபேசியில் தொடங்குகிறது.

யார் யார் வந்தார்கள்?

ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்து பயிற்றுவிப்பாளரோடு வந்தவர் விளாடிஸ்லாவ் கோல்டின். ரஷ்யாவைச் சேர்ந்தவர். ஏழடி ஓர் அங்குலம். யேலிலிருந்து வுல்ஃப். ஆபர்னிலிருந்து டானல்ட்சன். நார்த் டெக்சஸிலிருந்து ரூபின் ஜோன்ஸ். அலபாமாவிலிருந்து சாம் வால்டர்ஸ்.

ராடி கெய்ல் எங்கிருந்து வந்தார் தெரியுமா? ஒஹாயோ ஸ்டேட். மிஷிகனின் பரம எதிரி!

எல்லாரும் போய்விடவில்லை. நிமாரி பர்னெட், வில் செட்டர் ஆகிய இருவரும் 24 தோல்விகளையும் பார்த்தவர்கள். அவர்கள் தங்கினார்கள். செட்டர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் களம் இறங்கினார். இப்படிப்பட்டவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவது குறைவு. ஆனால் எல்லாரும் புதியவர்களாக இருக்கும் ஓர் அறையில், "போன வருஷம் இங்கே என்ன நடந்தது" என்று தெரிந்தவர்கள் வேண்டும், இல்லையா?

களத்தில் என்ன புதுமை?

கூடைப்பந்தில் 'பிக் அண்ட் ரோல்' என்பது அடிப்படை உத்தி. பந்தைத் தட்டிக்கொண்டு வருபவர் பொதுவாகக் குட்டையானவர், வேகமானவர். உயரமான ஒருவர் சுவர்போல நின்று எதிரணிக்காரரை மறிப்பார். பிறகு வளையத்தை நோக்கி ஓடுவார். பந்து அவரிடம் போகும்.

மிஷிகன் இதைத் தலைகீழாக்கியது. பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவரே ஏழடி வுல்ஃப். சுவராக நின்றவர் அவரைவிட ஓர் அங்குலம் உயரமான கோல்டின்.

இதில் எதிரணிக்கு என்ன சிக்கல்? உயரமானவர்களைக் காவல் காக்க உயரமானவர்களைத்தான் நிறுத்துவார்கள். அந்த இருவருமே இப்போது வளையத்தைவிட்டு வெளியே வர வேண்டும். வளையத்தைக் காக்க உள்ளே உயரமானவர் யாரும் இல்லை. வுல்ஃப் தானே உள்ளே போகலாம், கோல்டினுக்குத் தரலாம், வெளியே நிற்பவருக்கு வீசலாம்.

அந்தப் பருவத்தில் அணிக்கு அதிகப் புள்ளி எடுத்தவர் கோல்டின். பந்தை அதிகம் மீட்டவர் வுல்ஃப்.

இதைக் கவனியுங்கள். வுல்ஃப்புக்குப் பந்து தட்டும் திறன் ஏற்கெனவே இருந்தது. ஏழடி உயரமானவரிடம் "நீ வளையத்துக்குக் கீழே நில்" என்று சொல்வதுதான் வழக்கம். புதிய பயிற்றுவிப்பாளர் அப்படிச் சொல்லவில்லை.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. உயரமானவர் தட்டும் பந்தைப் பறிப்பது சுலபம். மிஷிகன் பருவம் முழுக்கப் பந்தை அடிக்கடி பறிகொடுத்தது. அந்தக் குறை கடைசிவரை தீரவே இல்லை.

பருவம் எப்படிப் போனது?

2024 டிசம்பர் முடிய மூன்றே தோல்விகள். வேக் ஃபாரஸ்டிடம் 72-70, ஆர்க்கன்சாவிடம் 89-87, ஓக்லஹோமாவிடம் 87-86. மூன்றையும் கூட்டினாலும் வித்தியாசம் ஐந்தே புள்ளிகள்.

அணி எப்படி வளர்ந்தது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே எதிரணியோடு ஆடிய மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். அந்த எதிரணி பெர்டியூ.

ஜனவரியில் 91-64 என்று பெர்டியூ மிஷிகனை நொறுக்கியது. பிப்ரவரியில் மிஷிகன் 75-73 என்று தப்பிப் பிழைத்தது. மார்ச்சில் 86-68 என்று மிஷிகன் எளிதாக வென்றது. இரண்டே மாதத்துக்குள் 27 புள்ளித் தோல்வி 18 புள்ளி வெற்றியானது.

பிப்ரவரியில் ஒஹாயோ ஸ்டேட்டையும் அதன் சொந்தக் களத்திலேயே 86-83 என்று மிஷிகன் வென்றது. கெய்ல் தம் பழைய அரங்குக்கு எதிரணிக்காரராகத் திரும்பிய ஆட்டம் அது.

ஆனால் இது நேராக மேலே போன கதை இல்லை. இன்னொரு பரம எதிரியான மிஷிகன் ஸ்டேட்டிடம் இரண்டு முறையும் தோல்வி. வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிரிவில் 14 வெற்றி, 6 தோல்வி என்ற நல்ல கணக்கோடு முடித்தாலும், அணி களைத்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

அடுத்த வாரமே இண்டியானபொலிஸில் பிக் டென் பிரிவின் தனிப் போட்டி. தோற்றால் வீட்டுக்கு. முதலில் பெர்டியூவை வென்ற அந்த 86-68 ஆட்டம். அரையிறுதியில் மேரிலாண்ட் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மீதம் சில விநாடிகள்தான். டானல்ட்சன் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பந்தோடு ஓடிப்போய் வளையத்தில் போட்டார். 81-80!

இறுதியாட்டத்தில் விஸ்கான்சினை 59-53 என்று வென்றது மிஷிகன். 2018க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் பிக் டென் போட்டிக் கிண்ணம்.

பிறகு தேசியப் போட்டி. 68 அணிகள் மோதும் அதைத்தான் 'மார்ச் மேட்னஸ்' என்கிறார்கள். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை 68-65, டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 91-79 என்று மிஷிகன் வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் கெய்ல் மட்டும் 26 புள்ளிகள் எடுத்தார்.

16 அணிகள் மிஞ்சியிருந்த சுற்றில் எதிரே வந்தது யார்?

ஆபர்ன். போட்டியிலேயே முதல் தரநிலை பெற்ற அணி. ஓராண்டுக்கு முன் வுல்ஃப்பின் யேல் தோற்கடித்த அணி, டானல்ட்சனின் பழைய அணி. இரண்டாம் பாதியில் மிஷிகன் ஒன்பது புள்ளிகள் முன்னால் இருந்தது. பிறகு ஆபர்ன் வேகமெடுத்தது. 78-65. மிஷிகனின் பருவம் அங்கே முடிந்தது. 27 வெற்றி, 10 தோல்வி.

அப்படியென்றால் பெருமை யாருக்கு?

பயிற்றுவிப்பாளருக்கு நிச்சயம் உண்டு. ஆனால் "அதே அணியை மாற்றிக் காட்டினார்" என்று சொன்னால் அது சரியில்லை. அது ஏறக்குறைய வேறோர் அணி. விதிகள் மாறாமல் இருந்திருந்தால் இத்தனை பேரை ஒரே கோடையில் சேர்த்து உடனே களம் இறக்கியிருக்க முடியாது.

ஆனால் ஆட்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. போர்ட்டலில் நிறையப் பேரை வாரிப்போட்டும் தோற்ற அணிகள் உண்டு. ஏழடி உயரக்காரர் இருவரை ஒன்றாக ஆட விடலாம், அவர்களில் ஒருவர் கையில் பந்தைக் கொடுக்கலாம் என்று துணிந்தது பயிற்றுவிப்பாளரின் முடிவு. அது தவறிப்போயிருந்தால் பழியும் அவர் மேல்தான் விழுந்திருக்கும்.

ஆட்டக்காரர்களுக்கு இது நல்லதா என்பது வேறு கேள்வி. சுதந்தரம் கிடைத்தது, உண்மை. வுல்ஃப் யேலைவிட்டு வந்ததால் அவருடைய திறனை இன்னும் பெரிய மேடையில் எல்லாரும் பார்த்தார்கள். 2025 ஜூனில் என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது புரூக்லின் நெட்ஸ் அவரை 27ஆவதாக எடுத்துக்கொண்டது.

ஆனால் மாறுபவர்கள் 18லிருந்து 22, 23 வயதுவரை உள்ள மாணவர்கள். ஊர் மாறுகிறது, வகுப்பு மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் "நான் யார் தெரியுமா" என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாறியவர் எல்லாருக்கும் ஒரு வுல்ஃப் கதை அமைவதில்லை.

உங்களுக்கு இதில் என்ன?

உங்கள் பள்ளியிலோ தொழிற்கல்லூரியிலோ இணைப்பாட நடவடிக்கைக்குப் புதிய பயிற்றுவிப்பாளர் வந்திருக்கலாம். இங்கே போர்ட்டல் கிடையாது. இருக்கிறவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அப்போதும் மிஷிகனின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: "நம்மிடம் இல்லாதது என்ன" என்று கேட்பதற்கு முன்னால், "நம்மில் யாரிடம் நாம் இதுவரை கேட்காத திறமை இருக்கிறது" என்று கேட்டுப் பார்க்கலாம். உங்கள் அணியிலும் பந்து தட்டத் தெரிந்த ஓர் உயரக்காரர் வளையத்துக்குக் கீழே சும்மா நின்றுகொண்டிருக்கலாம்.

சரி, மேரிலாண்டுக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் ஓடிய டானல்ட்சன் என்ன ஆனார்?

2025இல் மீண்டும் மாறினார். இந்த முறை மயாமி பல்கலைக்கழகம், அவருக்கு மூன்றாவது கல்லூரி. அங்கேயும் அப்போதுதான் ஒரு புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளர் வந்திருந்தார்.