அறிக்கை யார் கைக்குப் போகிறது?

ஹெவ்லொக் டவுனில் எச்.ஐ.வி பரிசோதனை செய்ய யோசிப்பவர்கள் ஊசிக்குப் பயப்படுவதில்லை. "ஆருக்கும் தெரிஞ்சிடுமோ" என்றுதான் தயங்குகிறார்கள்.

அந்தப் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ள முடியாது. 2019இல் சிங்கப்பூரில் எச்.ஐ.வி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விபரங்கள் இணையத்தில் கசிந்தன. பதிவேட்டைப் பார்க்க அனுமதி பெற்றிருந்த ஒரு வைத்தியர் வழியாகவே அவை வெளியே போயின என்பது அந்நாட்டு அரசின் நிலைப்பாடு. 2016இல் நம்முடைய குளியாப்பிட்டியில் கணினியே தேவைப்படவில்லை. தந்தை எய்ட்ஸால் இறந்தார் என்ற வதந்தியை நம்பி, தொற்றே இல்லாத ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவைச் சாத்தினார்கள். அவனது கல்வி உரிமையை நிலைநாட்ட உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

ஆகவே பதிவேட்டைக் கையாளும் ஆட்கள் முக்கியம். மென்பொருளுக்குப் பஞ்சமில்லை: ஓபன்எம்ஆர்எஸ் என்ற மென்பொருள் எச்.ஐ.வி நோயாளரின் பதிவுகளுக்காக 2006இல் கென்யாவின் எல்டொரெட்டில், மோய் பல்கலைக்கழகம் பங்கெடுத்த திட்டத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஆட்களைப் பயிற்றுவிக்க, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கு மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பு நடத்துகிறது. எந்த ஊழியர் எதைப் பார்க்கலாம், யார் எப்போது கோப்பைத் திறந்தார் என்ற பதிவு இருக்கிறதா என்றெல்லாம் தீர்மானிக்க இப்படிப் பயின்றவர்கள் வேண்டும். என் பார்வையில், புதிய கணினி வாங்குவதைவிட இதுவே அவசரம்.

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம். தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனால், அறிக்கையை வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம், நேரில் வந்து எடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையில் வைக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனதுதான் குறை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டியும் பிறர் உங்கள் மருத்துவப் பதிவைப் பொதுவாகக் கேட்டு வாங்க முடியாது. உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

வைத்தியர் இரகசியத்தை மீறினால் இலங்கை மருத்துவச் சபையிடம் முறையிடலாம். அரச நிறுவனம் பாகுபாடு காட்டினால் அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. சம்பவம் நடந்த திகதியை அன்றே எழுதிவையுங்கள்.