கதவு பூட்டாத மலை இல்லம்

மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு மலை என்பது பெரும்பாலும் தொலைவில் தெரியும் நீலக் கோடுதான். வடக்கே சிறுமலை, வடமேற்கே பழனி மலைத்தொடர், தென்மேற்கே வருசநாட்டு மலைகள். கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குப் பேருந்தில் போய், ஏரியைச் சுற்றிவிட்டு, குளிர் தாங்காமல் மறுநாளே இறங்கிவிடுகிறோம். ஆனால் நம் பங்குகளின் இளையோர் பலர் இப்போது நடந்தே மலையேற விரும்புகிறார்கள். "எங்கே தங்குவாய், யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு ஆல்ப்ஸ் மலை நாடுகளில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஒரு விடை இருந்து வருகிறது. அந்த விடையைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒரு குருவும் இருக்கிறார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

சாலையே இல்லாத உயரத்தில், நடந்து வருவோர் இரவு தங்குவதற்கென இருக்கும் எளிய வீடுதான் மலை இல்லம். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் சங்கம் மட்டுமே ஏறத்தாழ 150 இல்லங்களை நடத்துகிறது. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். நீண்ட பலகைக் கட்டிலில் முன்பின் அறியாதவர்கள் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். போர்வை உண்டு, சூடான சூப் உண்டு. உச்சிக்குப் போகிறவர்கள் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து புறப்பட்டுவிடுவார்கள். வெயில் ஏறினால் பனி இளகி ஆபத்தாகிவிடும். இல்லப் பொறுப்பாளர் இல்லாத குளிர்காலத்திலும் பல இல்லங்களில் ஓர் அறை மட்டும் பூட்டாமல் விடப்பட்டிருக்கும். உள்ளே விறகும் போர்வையும் இருக்கும். வந்தவர் தங்கிவிட்டு, அதற்குரிய பணத்தைச் செலுத்திச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அங்குள்ள பதிவேடு. பெயர், எங்கிருந்து வருகிறார், நாளை எங்கே போகிறார் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். போனவர் போய்ச் சேரவில்லை என்றால், எந்தப் பாதையில் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

இத்தகைய இல்லங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று, சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய புனித பெர்நார்து கணவாயில் இருக்கிறது. ஏறத்தாழ 1050ஆம் ஆண்டில் அதை நிறுவியவர் அயோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டராக இருந்த மென்தோன் நகர்ப் புனித பெர்நார்து. (கிளேர்வோ நகர்ப் புனித பெர்நார்து வேறு; பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம்.) உரோமைக்குத் திருப்பயணம் செல்வோரும் வணிகரும் அந்தக் கணவாயில் பனிச்சரிவில் புதைந்தும் கொள்ளையரிடம் சிக்கியும் மடிந்தார்கள். அதைக் கண்ட அவர், கணவாயின் உச்சியிலேயே வீடு கட்டித் துறவிகளைக் குடியமர்த்தினார். புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் அச்சபையினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1964இல் மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. ஆனாலும் குளிர்காலத்தில் கணவாய்க்குப் போகும் சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். பனிச்சறுக்குக் கட்டை போன்றவற்றின் உதவியோடுதான் இல்லத்தை அடைய முடியும். அப்போதும் அது திறந்தே இருக்கிறது. கதவைப் பூட்டுவதில்லை என்பது அந்த இல்லத்தின் பழைய மரபு.

1800 மே மாதத்தில் நெப்போலியன் தம் படையுடன் அவ்வழியே கடந்து போனார். அதே ஆண்டு பிறந்த பேரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. செயின்ட் பெர்னார்ட் என்று நாம் அழைக்கும் பெரிய நாயினத்துக்கு அந்தப் பெயர் வந்தது இந்த இல்லத்தால்தான்.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1923இல் புனித பெர்நார்தை மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அதை அவர் அறிந்தே செய்தார். அக்கீலே இரத்தி என்ற இளங்குருவாக இருந்தபோது அவரே தேர்ந்த மலையேறி. 1889இல் மோந்தே ரோசா மலையின் செங்குத்தான கிழக்கு முகத்தில் ஏறி, உச்சிக்கருகே ஓர் ஒடுங்கிய பாறை விளிம்பில் கடுங்குளிரில் இரவைக் கழித்தார். தூங்கினால் விழ வேண்டியதுதான். அதே மலைத்தொகுதியில் 4,554 மீட்டர் உயரத்தில் மார்கரீத்தா என்னும் குடில் திறக்கப்பட்டது 1893இல். கூரையில்லாத இரவு எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர் தந்த பாதுகாவலர் அவர்.

இந்தத் துறவிகள் தங்கள் பணியை ஆசியாவுக்கும் கொண்டுவந்தார்கள். 1930களில் சீன-திபெத் எல்லையில், மேகாங், சால்வின் ஆறுகளுக்கு இடையேயுள்ள லட்சா கணவாயில் பயணிகளுக்கென ஓர் இல்லம் கட்டத் தொடங்கினார்கள். அது கட்டி முடிக்கப்படவே இல்லை. அப்பணிக்கெனச் சென்ற குழுவில் சேர்ந்த மோரிஸ் தோர்னே, யெர்கலோவில் பங்குத்தந்தையாக இருந்தார். தம் மக்களுக்காக முறையிட லாசாவுக்குப் புறப்பட்ட அவர், 1949 ஆகஸ்டு 11 அன்று மலைப்பாதையில் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டார். 1993இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

நம் மண்ணுக்கும் இந்த எண்ணம் அந்நியமல்ல. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் வழிப்போக்கருக்காகவே எழுந்தது. பழைய சாலையோரங்களில் இன்னும் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பாருங்கள். வயிற்றில் பிள்ளையுடன் இறந்துபோன பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் நட்டவை அவை. துயரத்தை வழிப்போக்கருக்கு உதவியாக மாற்றிய ஊர் நம்முடையது.

கொடைக்கானலும் தொடக்கத்தில் ஒரு புகலிடமே. காலராவும் காய்ச்சலும் மதுரைச் சமவெளியின் மறைப்பணியாளரை இளவயதிலேயே கொண்டுபோயின. அமெரிக்க மறைப்பணியாளர்கள் முதலில் சிறுமலையை நாடினார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். நம் இயேசு சபைக் குருக்களும் அவர்களைத் தொடர்ந்து மேலே வந்தனர். 1860களில் தந்தை லூயி செயின்ட் சிர் அங்கே சலேத் அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். 1846இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரு சிறார்க்குக் காட்சி தந்த அன்னையின் பெயரை நம் மலையில் வைத்தது பொருத்தமே. அப்போது பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். நாற்காலியில் அமர்ந்து மேலே போனவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. அந்த நாற்காலியைத் தோளில் சுமந்த நம் ஊரார் பெயர்கள் இல்லை.

உருமாற்ற மலையில் பேதுரு மூன்று கூடாரங்கள் அமைக்க விரும்பினார் (மத் 17:4). அங்கேயே தங்கிவிட அவருக்கு ஆசை. மலை இல்லம் அதற்கானதல்ல. அது ஓர் இரவுக்கு மட்டும். விடிந்தால் கிளம்ப வேண்டும். அதற்கு நெருக்கமானது நல்ல சமாரியர் உவமையில் வரும் சாவடிதான் (லூக் 10:34-35). சமாரியரைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அவர் மறுநாள் போய்விடுகிறார். காயம்பட்டவரின் பக்கத்தில் இருக்கும் பொறுப்பு சாவடிக்காரருக்கு. அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

2018 மார்ச் 11, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்துகொள்ள, ஒதுங்க இடமில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; பெரும்பாலோர் இளையோர். முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர் மக்கள். ஹெலிகாப்டரும் அதிரடிப்படையும் பிறகுதான் வந்தன. தீக்காயமடைந்த பலர் நம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் பல நாள்கள் போராடி அங்கேயே இறந்தார்கள். இறந்தவர்கள் மீது குறை காண்பது எளிது. அது நம் வேலையல்ல. இத்தனை பேர் மேலே இருக்கிறார்கள், இந்த வழியே இறங்குகிறார்கள், இன்று காற்று சரியில்லை, நில்லுங்கள் என்று சொல்ல வழியில் ஓர் ஆள் இருந்திருந்தால் என்ற ஏக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.

அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதையும் அவற்றில் ஒன்று. காட்டை அறிந்த உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். தீப்பிடிக்கும் வறண்ட மாதங்களில் பாதைகள் மூடப்படுகின்றன. நம் விடுமுறைக்கு அது இடைஞ்சலாக இருக்கலாம், இருக்கட்டும்.

நம் பங்கு இளையோர் குழுக்கள் மலைக்குப் புறப்படும்போது பேருந்துக்கும் உணவுக்கும் கணக்குப் போடுகிறோம்; புறப்படுமுன் திருப்பலியும் வைக்கிறோம். ஆனால் போகிறவர் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், எந்த வழியே ஏறி எந்த வழியே இறங்குகிறார்கள், எத்தனை மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் இல்லை. அன்று மாலை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை கீழே வந்துவிட்டான் என்ற அழைப்பு வரும் வரை விழித்திருக்க ஒருவரை நியமிக்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையாரோ, மரியாயின் சேனையாரோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ அதைச் செய்யலாம். அவர் மலையேற வேண்டியதில்லை.